காண்டா இன்ஸ்டால் ஆகிவிட்டது, ஆனால் ஓடவில்லை: பெங்களூரு வாசகர் கேள்வி–பதில்

இந்த மாதம் பெங்களூரு வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறது. பைத்தான் நிரல்மொழி படிக்க, அதற்கான கருவியான காண்டாவை நிறுவியாகிவிட்டது, நிறுவி முடிந்தது என்று திரையும் சொல்லிவிட்டது, ஆனால் டெர்மினலில் (கட்டளைகளை அடிக்கும் ஜன்னல்) அடித்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று பதில் வருகிறது. இப்படி எழுதியவர்களில் பலர் இரண்டு மூன்று தடவை அழித்து அழித்து நிறுவியிருக்கிறார்கள். அது வீண் வேலை. பெரும்பாலும் நிறுவலில் கோளாறு இருப்பதில்லை. காண்டா எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பது ஷெல்லுக்கு (அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) தெரியாமல் இருப்பதுதான் கோளாறு. மறுபடி நிறுவப் போகுமுன் கீழே உள்ள பதில்களைப் பார்த்துவிடுங்கள்.

கட்டளைகளை இங்கே ஒலிப்பில் தந்திருக்கிறோம். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள். இடைவெளி, ஹைஃபன், சாய்கோடு எல்லாம் அச்சில் உள்ளபடியே வரவேண்டும்.

கேள்வி: ஐயா, பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரியில் அனகோண்டா போடச் சொன்னார்கள், சீனியர் மினிகாண்டா போதும் என்கிறார், யூடியூபில் மினிஃபோர்ஜ் என்கிறார்கள். எதைப் போடுவது? லேப்டாப்பில் இடம் குறைவு. – மாணவி, ஸ்ரீராமபுரம்

பதில்: மூன்றுக்குள்ளும் இருப்பது ஒரே காண்டாதான். 2012-இல் வெளிவந்த இந்தக் கருவி, தனித்தனி பைத்தான் சூழல்களை உருவாக்கும். அவற்றுக்கு வேண்டிய பேக்கேஜ்களையும் (தயார்நிலை நிரல் தொகுப்புகள்) கொண்டுவந்து சேர்க்கும். மூன்றும் வேறுபடுவது கூடவே என்ன வருகிறது என்பதில். அனகோண்டா நூற்றுக்கணக்கான பேக்கேஜ்களை முதலிலேயே இறக்கிவிடும்; குறைந்தது 5 ஜிபி இடம் ஒதுக்க வேண்டும். மினிகாண்டாவும் மினிஃபோர்ஜும் சில நூறு எம்பியோடு நின்றுவிடும். மற்றவற்றைத் தேவைப்படும்போது நீங்களே சேர்த்துக்கொள்ளலாம்.

மினிஃபோர்ஜைப் போடுங்கள். அது காண்டா-ஃபோர்ஜ் என்ற சமூகக் களஞ்சியத்திலிருந்து பேக்கேஜ்களை எடுக்கும். மாம்பா என்ற வேகமான துணைக்கருவியும் கூடவே வரும். உரிமம் பற்றிய ஒரு காரணமும் உண்டு. அனகோண்டா நிறுவனத்தின் களஞ்சியத்தை 200 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் பயன்படுத்தக் கட்டணம் கட்ட வேண்டும். படிக்கும்போது உங்களுக்கு அது பொருட்டில்லை. ஆனால் நாளைக்கே இன்டர்ன்ஷிப்புக்குப் போகும் இடத்தில் அதே பழக்கத்தில் நிறுவினால் பிரச்சினை அவர்கள் தலையில் விழும். இப்போதே மினிஃபோர்ஜில் பழகிக்கொள்ளுங்கள். பாடத்தில் வரும் எல்லாக் காண்டா கட்டளைகளும் அதில் அப்படியே ஓடும்.

கேள்வி: விண்டோஸ் 11-இல் மினிஃபோர்ஜ் நிறுவினேன். பவர்ஷெல்லில் 'காண்டா' என்று அடித்தால் சிவப்பு எழுத்தில், இந்தப் பெயரில் கட்டளை இல்லை என்கிறது. 'பைத்தான்' என்று அடித்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கிறது. – வாசகர், எலக்ட்ரானிக் சிட்டி

பதில்: இவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். முதலில் காண்டாவைப் பார்ப்போம்.

ஸ்டார்ட் மெனுவில் 'மினிஃபோர்ஜ் பிராம்ட்' என்று ஒன்று புதிதாக வந்திருக்கும். அதைத் திறந்து 'காண்டா --வெர்ஷன்' அடியுங்கள். எண் வந்தால் நிறுவல் சரி. அதே ஜன்னலில் 'காண்டா இனிட் பவர்ஷெல்' அடியுங்கள். இது உங்கள் பவர்ஷெல் புரொஃபைல் கோப்பில் சில வரிகளை எழுதி வைக்கும். அந்தக் கோப்பு பவர்ஷெல் தொடங்கும்போது மட்டும்தான் படிக்கப்படும். ஆகவே ஏற்கனவே திறந்திருக்கும் ஜன்னலில் எதுவும் மாறாது. எல்லாவற்றையும் மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும். விஎஸ் கோடுக்குள் இருக்கும் டெர்மினலுக்கும் இதேதான்: விஎஸ் கோடையே மூடித் திறங்கள்.

புதிய ஜன்னலில், ஸ்கிரிப்ட்களை ஓட்ட இந்தக் கணினியில் அனுமதி இல்லை என்று வேறொரு சிவப்பு எழுத்து வரலாம். பயப்பட வேண்டாம், அது காண்டாவின் பிழை இல்லை. வீட்டு விண்டோஸில் பவர்ஷெல் எந்த ஸ்கிரிப்டையும் ஓட்டாதபடிதான் முதலில் இருக்கும். 'செட்-எக்ஸிக்யூஷன்பாலிசி -ஸ்கோப் கரண்ட்யூசர் ரிமோட்சைன்ட்' என்று அடித்து ஒப்புதல் கொடுங்கள். இது உங்கள் கணக்குக்கு மட்டும் பொருந்தும், அட்மின் உரிமை தேவையில்லை. அலுவலக லேப்டாப்பில் இந்தக் கொள்கையை ஐடி பிரிவே பூட்டி வைத்திருந்தால் உங்கள் மாற்றம் எடுபடாது. அப்போது மினிஃபோர்ஜ் பிராம்டிலேயே வேலை செய்யுங்கள், அதில் எந்தக் குறையும் இல்லை.

நிறுவும்போது 'பாத்'தில் (ஷெல் கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) சேர்க்கவா என்று ஒரு கட்டம் வந்திருக்கும். அதை டிக் செய்தால் இந்தத் தொல்லை இல்லையே என்று பலர் கேட்கிறார்கள். டிக் செய்யாமல் விட்டது நல்லது. காண்டாவின் ஃபோல்டர்களில் ஓப்பன்எஸ்எஸ்எல் போன்றவற்றின் டிஎல்எல் கோப்புகள் (மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் கோப்புகள்) கிடக்கின்றன. 'பாத்'தில் நிரந்தரமாகச் சேர்த்தால் வேறு மென்பொருள்கள் தங்களுடையதை விட்டுவிட்டு இவற்றை எடுத்துக்கொள்ளும். அதோடு, 'பாத்'தில் சேர்ப்பதும் சூழலை ஆக்டிவேட் செய்வதும் ஒன்றல்ல. ஆக்டிவேட் செய்யாமல் ஓட்டும்போதுதான் நம்பை என்ற கணக்கீட்டுப் பேக்கேஜை இறக்குமதி செய்கையில் 'டிஎல்எல் லோட் ஃபெயில்ட்' என்ற பிழை வருகிறது.

அடுத்து ஸ்டோர். விண்டோஸே 'பைத்தான்' என்ற பெயரில் ஒரு போலி நுழைவு வைத்திருக்கிறது. செட்டிங்ஸ், ஆப்ஸ், அட்வான்ஸ்டு ஆப் செட்டிங்ஸ், ஆப் எக்ஸிக்யூஷன் ஏலியாசஸ் என்று போய், பைத்தான் என்று வரும் இரண்டு பொத்தான்களையும் அணைத்துவிடுங்கள்.

உங்கள் விண்டோஸ் பயனர் பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ இருந்தால், நிறுவும்போதே இடத்தை 'சி:\மினிஃபோர்ஜ்3' என்று மாற்றிக்கொள்ளுங்கள். இடைவெளி உள்ள பாதையில் சில பேக்கேஜ்கள் முதலில் ஓடுவதுபோல் ஓடி, பிறகு கம்பைல் செய்யும் கட்டத்தில் முறிந்துவிடும். பிழைச் செய்தியைப் பார்த்தால் காரணம் இதுதான் என்று சந்தேகமே வராது. அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறோம்.

கேள்வி: காண்டாவை கன்ட்ரோல் பேனலில் நீக்காமல் ஃபோல்டரை நேராக டிலீட் செய்துவிட்டேன். இப்போது கமாண்ட் பிராம்ட் திறக்கும்போதெல்லாம் பாதையைக் காணவில்லை என்கிறது. – வாசகர், விவேக் நகர்

பதில்: 'காண்டா இனிட்' கமாண்ட் பிராம்டுக்காக ரெஜிஸ்ட்ரியில் 'ஆட்டோரன்' என்றொரு பதிவை வைக்கிறது. ஃபோல்டர் போய்விட்டது, பதிவு தங்கிவிட்டது. ரெஜ்எடிட் திறந்து ஹெச்கீ கரண்ட் யூசர், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், கமாண்ட் பிராசஸர் வரை போய், ஆட்டோரன் பதிவில் காண்டாவின் பாதை இருந்தால் அதை நீக்குங்கள். இனி எப்போது காண்டாவை எடுத்தாலும் முதலில் 'காண்டா இனிட் --ரிவர்ஸ்', அதன் பிறகு அன்இன்ஸ்டால்.

கேள்வி: பழைய இன்டெல் மேக்புக்கிலிருந்து எம்2 மேக்புக் ஏருக்கு மாறினேன். மைக்ரேஷன் அசிஸ்டென்ட் மூலம் எல்லாம் வந்துவிட்டது, காண்டாவும் சேர்த்து. ஆனால் டென்சர்ஃப்ளோவை இறக்குமதி செய்தவுடன் 'இல்லீகல் ஹார்ட்வேர் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று சொல்லிப் பைத்தான் செத்துவிடுகிறது. – வாசகி, அல்சூர்

பதில்: உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. மைக்ரேஷன் அசிஸ்டென்ட் பழைய மேக்கின் காண்டாவை அப்படியே தூக்கி வந்துவிட்டது. அது இன்டெல் சிப்புக்கானது. ஆப்பிள் சிலிக்கான் மேக்குகளில் ரோசெட்டா 2 அதை மொழிபெயர்த்து ஓட்டுவதால், பெரும்பாலான வேலைகளில் வித்தியாசமே தெரியாது. ஆனால் இன்டெலுக்கான டென்சர்ஃப்ளோ ஏவிஎக்ஸ் என்ற சிப் கட்டளைகளை எதிர்பார்க்கிறது, அவை மேக்ஓஎஸ் 15-க்கு முந்தைய ரோசெட்டாவில் கிடைக்காததால் அங்கேயே விழுகிறது.

உறுதி செய்ய 'காண்டா இன்ஃபோ' அடித்து 'பிளாட்ஃபார்ம்' என்ற வரியைப் பாருங்கள். 'ஓஎஸ்எக்ஸ்-64' என்றிருந்தால் இன்டெல் காண்டா, 'ஓஎஸ்எக்ஸ்-ஏஆர்எம்64' என்றிருந்தால்தான் உங்கள் சிப்புக்கானது. பழைய சூழல்களை மாற்றி எடுக்க வழியில்லை. எந்தெந்தப் பேக்கேஜ்கள் வேண்டும் என்று குறித்துக்கொண்டு, பழைய ஃபோல்டரை ஒதுக்கிவிட்டுப் புதிதாக நிறுவுங்கள்.

நிறுவுமுன் டெர்மினலில் 'யூநேம் -எம்' அடியுங்கள். 'ஏஆர்எம்64' என்று வரவேண்டும். எம்2 மேக்கிலேயே 'எக்ஸ்86_64' என்று வந்தால், டெர்மினலே ரோசெட்டாவில் ஓடுகிறது என்று பொருள். யுட்டிலிட்டீஸ் ஃபோல்டரில் டெர்மினலைத் தேர்ந்து 'கெட் இன்ஃபோ'வில் 'ஓப்பன் யூஸிங் ரோசெட்டா' டிக்கை எடுத்துவிட்டு மறுபடி திறங்கள். பிறகு பெயரில் 'மேக்ஓஎஸ்எக்ஸ்-ஏஆர்எம்64' என்று இருக்கும் மினிஃபோர்ஜ் கோப்பை இறக்கி, 'பாஷ்' என்று அடித்து இடைவெளி விட்டு, அந்தக் கோப்பை மவுஸால் இழுத்து டெர்மினலில் போட்டு என்டர் தட்டுங்கள். பாதை தானாக வந்துவிடும்.

முடிந்ததும் 'காண்டா காணவில்லை' என்றால் ஷெல்லைக் கவனியுங்கள். 2019-இல் வந்த கேட்டலினா முதல் மேக்கின் இயல்பான ஷெல் இசட்எஸ்ஹெச். அது உங்கள் ஹோமில் உள்ள '.இசட்எஸ்ஹெச்ஆர்சி' கோப்பைப் படிக்கும், பழைய '.பாஷ்_புரொஃபைல்' பக்கம் போகாது. '~/மினிஃபோர்ஜ்3/பின்/காண்டா இனிட் இசட்எஸ்ஹெச்' என்று முழுப் பாதையோடு அடித்தால் எழுத வேண்டிய கோப்பில் எழுதிவிடும். அந்தக் கோப்பை ஒரு முறை திறந்து பார்ப்பது நல்லது. 'காண்டா இனிஷியலைஸ்' என்று தொடங்கி அதே பெயரில் முடியும் பகுதி இரண்டு இருந்து, ஒன்றில் பழைய காண்டாவின் பாதை இருந்தால், பழையதை முழுவதுமாக நீக்குங்கள். பாதி நீக்கினால் ஒவ்வொரு டெர்மினலும் பிழையோடுதான் திறக்கும்.

கேள்வி: எஸ்.பி. ரோட்டில் பழைய லேப்டாப் வாங்கி உபுண்டு 24.04 போட்டிருக்கிறேன். 'பிப் இன்ஸ்டால்' அடித்தால் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு' என்று மறுக்கிறது. சரி என்று மினிஃபோர்ஜை 'சூடோ' போட்டு நிறுவினேன். வெற்றி என்றது. ஆனால் என் ஹோமில் மினிஃபோர்ஜ் ஃபோல்டரே இல்லை. எங்கே போயிற்று? – வாசகர், சிவாஜி நகர்

பதில்: '/ரூட்/மினிஃபோர்ஜ்3' என்ற இடத்தில் இருக்கிறது. 'சூடோ' போட்டதும் நீங்கள் ரூட் (எல்லா உரிமையும் உள்ள நிர்வாகி) பயனராகிவிடுகிறீர்கள், உபுண்டு 19.10 முதல் ஹோம் ஃபோல்டரும் ரூட்டுடையதாகவே மாறிவிடுகிறது. நிறுவி 'ஹோமில் வைக்கவா' என்று கேட்டபோது நீங்கள் என்டர் தட்டினீர்கள், அது ரூட்டின் ஹோமில் வைத்துவிட்டது. ஷெல் வரிகளையும் ரூட்டின் '.பாஷ்ஆர்சி'யில்தான் எழுதியிருக்கும்.

காண்டாவுக்கு 'சூடோ' எந்தக் கட்டத்திலும் வேண்டாம். இந்தப் பகுதியில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்தால் இதை வையுங்கள். 'சூடோ ஆர்எம் -ஆர்எஃப் /ரூட்/மினிஃபோர்ஜ்3' அடித்து அதை நீக்குங்கள் (பாதையை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்த பிறகே என்டர்). ரூட்டின் '.பாஷ்ஆர்சி'யில் காண்டா பகுதி இருந்தால் அதையும் எடுங்கள். பின் 'பாஷ் மினிஃபோர்ஜ்3-லினக்ஸ்-எக்ஸ்86_64.எஸ்ஹெச்' என்று மட்டும் அடித்து உங்கள் பெயரிலேயே நிறுவுங்கள். கடைசியில் ஷெல்லைத் தயார் செய்யவா என்று கேட்கும். அங்கே 'எஸ்' (ஆம்) என்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லைத் தட்டச்சு செய்ய வேண்டும். வெறும் என்டர் தட்டினால் 'நோ' என்று எடுத்துக்கொள்ளும், லினக்ஸில் பலர் வழுக்குவது அங்கேதான்.

சிலர் 'சூடோ' போட்டாலும் இடத்தை மட்டும் தங்கள் ஹோமுக்கு மாற்றியிருப்பார்கள். அப்போது ஃபோல்டர் கண்ணில் படும், ஆனால் உரிமை ரூட்டிடம் இருப்பதால் 'பெர்மிஷன் டினைட்' வரும். அதற்கு 'சூடோ சிஹெச்ஓன் -ஆர் $யூசர் ~/மினிஃபோர்ஜ்3' போதும். இந்தக் கட்டளையில் '-ஆர்', 'யூசர்' இரண்டும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

பிப் (பைத்தானின் சொந்த நிறுவல் கருவி) மறுத்ததற்கும் நியாயம் உண்டு. உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பல கணினியின் பைத்தானை நம்பி ஓடுகின்றன. பிப் அதில் கை வைத்தால் அவை உடையும். 23.04 முதல் அதைத் தடுத்துவிட்டார்கள். '--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' சேர்த்தால் தடை விலகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 'காண்டா கிரியேட் -என் பாடம் பைத்தான்=3.12', பிறகு 'காண்டா ஆக்டிவேட் பாடம்', அதற்குள் 'பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால்'. இந்த வரிசையில் போனால் பிப் எதையும் மறுக்காது. காண்டாவில் கிடைக்கும் பேக்கேஜ்களை முதலில் காண்டா வழியாகவே சேர்த்து முடியுங்கள். அங்கே கிடைக்காததற்கு மட்டும் கடைசியில் பிப்.

கேள்வி: டெர்மினலைத் திறந்ததும் வரியின் முன்னால் 'பேஸ்' என்று வருகிறது. வைரஸா? – வாசகி, மர்பி டவுன்

பதில்: இல்லை. காண்டாவின் அடிப்படைச் சூழல் தானாக ஆக்டிவேட் ஆகிறது. 'காண்டா கான்ஃபிக் --செட் ஆட்டோ_ஆக்டிவேட்_பேஸ் ஃபால்ஸ்' அடித்தால் அடுத்த முறை வராது. 'பேஸ்' சூழலில் உங்கள் பேக்கேஜ்களை நிறுவ வேண்டாம். அது குழம்பினால் காண்டாவே குழம்பும்.

கேள்வி: சி டிரைவ் 128 ஜிபி எஸ்எஸ்டி, நிரம்பிவிட்டது. மினிஃபோர்ஜ் ஃபோல்டர் மட்டும் 20 ஜிபி காட்டுகிறது. சூழல்களை வெளி ஹார்ட் டிஸ்கில் வைக்கலாமா? – வாசகர், கோரமங்களா

பதில்: அந்த 20 ஜிபி முழுவதும் உண்மையாக இருக்க வாய்ப்பில்லை. காண்டா ஒவ்வொரு பேக்கேஜையும் 'பிகேஜிஎஸ்' ஃபோல்டரில் ஒரு முறை விரித்து வைத்து, சூழல்களுக்குள் அதற்கு ஹார்ட் லிங்க் போடுகிறது. கோப்பு டிஸ்கில் ஒன்றுதான், ஆனால் எக்ஸ்ப்ளோரர் அதைப் பார்க்கும் இடத்திலெல்லாம் கூட்டிக்கொள்கிறது. முதலில் 'காண்டா கிளீன் --ஆல்' ஓட்டுங்கள். எந்தச் சூழலும் பயன்படுத்தாத பேக்கேஜ்களும், இறக்கிவைத்த சுருக்கக் கோப்புகளும் போகும்.

வெளி டிஸ்கைப் பொறுத்தவரை, ஹார்ட் லிங்க் ஒரு டிரைவுக்குள் மட்டுமே வேலை செய்யும். சூழல் டி டிரைவிலும் பேக்கேஜ் கிடங்கு சியிலும் இருந்தால் ஒவ்வொரு கோப்பும் நிஜமாகவே நகலாகி, இடம் இரட்டிப்பாகும். ஆகவே 'காண்டா கான்ஃபிக் --ஆட் என்வ்ஸ்_டிர்ஸ் டி:\காண்டா\என்வ்ஸ்', 'காண்டா கான்ஃபிக் --ஆட் பிகேஜிஎஸ்_டிர்ஸ் டி:\காண்டா\பிகேஜிஎஸ்' என்று இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். டிஸ்கின் ஃபார்மட் என்டிஎஃப்எஸ் ஆக இருக்கட்டும். எக்ஸ்ஃபாட்டில் ஹார்ட் லிங்க்கே கிடையாது, பென் டிரைவ்கள் பல அதில்தான் வருகின்றன. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் பென் டிரைவிலிருந்து படிக்கும் வேகமும் பொறுமையைச் சோதிக்கும், அதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: வீட்டு வைஃபையில் ஓடும் காண்டா, அலுவலகத்தில் எஸ்எஸ்எல் பிழை தருகிறது. நண்பர் 'எஸ்எஸ்எல்_வெரிஃபை'யை அணைக்கச் சொல்கிறார். – வாசகர், வொயிட்ஃபீல்டு

பதில்: அணைக்காதீர்கள். அணைத்தால், வரும் பேக்கேஜ் யாரிடமிருந்து வருகிறது என்ற சோதனையே நின்றுவிடும். அலுவலக நெட்வொர்க் எல்லா இணைப்புகளையும் இடையில் திறந்து பார்த்து, தன் சான்றிதழைப் போட்டு அனுப்புகிறது. விண்டோஸுக்கு அந்தச் சான்றிதழ் தெரியும், ஐடி பிரிவு சேர்த்திருக்கும். காண்டாவுக்குத் தெரியாது. அண்மைப் பதிப்புகளில் 'காண்டா கான்ஃபிக் --செட் எஸ்எஸ்எல்_வெரிஃபை டிரஸ்ட்ஸ்டோர்' என்று அடித்தால், காண்டா இயங்குதளத்தின் சான்றிதழ்ப் பட்டியலையே எடுத்துக்கொள்ளும். பிப் 24.2 முதல், பைத்தான் 3.10-உம் அதற்கு மேலும் இருந்தால், தானாகவே அப்படித்தான் செய்கிறது. பழைய காண்டாவென்றால் ஐடியிடம் சான்றிதழை பெம் கோப்பாக வாங்கி, அதே கட்டளையில் 'டிரஸ்ட்ஸ்டோர்' இருக்கும் இடத்தில் அந்தக் கோப்பின் பாதையைக் கொடுங்கள்.

அலுவலக நெட்வொர்க் பிராக்ஸி (இணையத்துக்கு இடைநிலை சர்வர்) கேட்டால் '.காண்டாஆர்சி' கோப்பில் 'பிராக்ஸி_சர்வர்ஸ்' என்பதன் கீழ் ஹெச்டிடிபி, ஹெச்டிடிபிஎஸ் இரண்டு வரிகளும் வேண்டும். இரண்டாவது வரிக்கு எதிரேயும் முகவரி பெரும்பாலும் 'ஹெச்டிடிபி' என்றுதான் தொடங்கும். கடவுச்சொல்லில் @ குறி இருந்தால் அதற்குப் பதில் %40 என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் @ குறிக்குப் பின் வருவதெல்லாம் சர்வர் பெயர் என்று எடுத்துக்கொள்ளும்.

சில அலுவலகங்களில் உரிமப் பிரச்சினைக்காக அனகோண்டா தளங்களை மொத்தமாக அடைத்து வைத்திருப்பார்கள். காண்டா-ஃபோர்ஜும் 'காண்டா.அனகோண்டா.ஆர்க்' என்ற முகவரியிலிருந்துதான் வருகிறது. அந்த ஒன்றை மட்டும் திறந்துவிடச் சொல்லி ஐடியிடம் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: மகன் வீட்டு விண்டோஸ் லேப்டாப்பில் செய்த ப்ராஜெக்டை, சூழல் ஃபோல்டரோடு காப்பி செய்து கல்லூரி லேபின் உபுண்டுவுக்குக் கொண்டுபோனான். எதுவும் ஓடவில்லை. – வாசகி, ஹெச்.ஏ.எல்.

பதில்: சூழல் ஃபோல்டருக்குள் பல கோப்புகளில் முழுப் பாதையும் எழுதப்பட்டிருக்கும். அதே விண்டோஸில் வேறு இடத்துக்கு நகர்த்தினாலே தடுமாறும், உபுண்டுவில் ஓட வழியே இல்லை. ஃபோல்டருக்குப் பதில் பட்டியலை எடுத்துப் போகச் சொல்லுங்கள். சூழலை ஆக்டிவேட் செய்து 'காண்டா என்வ் எக்ஸ்போர்ட் --ஃப்ரம்-ஹிஸ்டரி > என்விரான்மென்ட்.ஒய்எம்எல்'. லேபில் 'காண்டா என்வ் கிரியேட் -எஃப் என்விரான்மென்ட்.ஒய்எம்எல்'.

'--ஃப்ரம்-ஹிஸ்டரி' இல்லாமல் எடுத்தால் விண்டோஸுக்கு மட்டுமே உரிய பேக்கேஜ்களும் பட்டியலில் ஏறி, உபுண்டுவில் அவை கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். ஆனால் அதைப் போட்டால் பிப் வழியாக நிறுவியவை விடுபடும். அவற்றைக் கையால் சேர்க்க வேண்டும். அந்தக் கோப்பில் டேப் விசையைத் தொடவே கூடாது, உள்தள்ளல் எல்லாம் இடைவெளி விசையால்தான்.

கேள்வி: நோட் (ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் மென்பொருள்) பதிப்புகளை மாற்ற உதவும் என்விஎம் கருவி விண்டோஸிலும் மேக்கிலும் ஒன்றுதானா? – வாசகர், மாரத்தஹள்ளி

பதில்: பெயர் மட்டும் ஒன்று. விண்டோஸுக்கு 'என்விஎம்-விண்டோஸ்' என்ற தனித் திட்டம். அதை நிறுவுமுன் ஏற்கனவே உள்ள நோடை நீக்கிவிடுங்கள். 'என்விஎம் யூஸ்' அட்மின் உரிமை கேட்கலாம். மேக்கில் நிறுவிய பிறகும் கட்டளை இல்லை என்று வந்தால், ஹோமில் '.இசட்எஸ்ஹெச்ஆர்சி' கோப்பு இருக்கிறதா பாருங்கள். புது மேக்கில் இருக்காது. 'டச் ~/.இசட்எஸ்ஹெச்ஆர்சி' அடித்துவிட்டு நிறுவியை மறுபடி ஓட்டுங்கள். மேக்கில் 'என்விஎம் இன்ஸ்டால் --எல்டிஎஸ்', விண்டோஸில் ஹைஃபன் இல்லாமல் 'என்விஎம் இன்ஸ்டால் எல்டிஎஸ்'.

கேள்வி: ராஸ்பெரி பை 4-இல் மினிஃபோர்ஜ் ஏறுமா? 'யூநேம் -எம்' 'ஏஆர்ச்64' என்று காட்டுகிறது, ஆனால் நிறுவி ஓட மறுக்கிறது. – மாணவர், கம்மனஹள்ளி

பதில்: 'யூநேம்' கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) மட்டும்தான் சொல்கிறது. 32-பிட் ராஸ்பெரி பை ஓஎஸ்ஸிலும் கெர்னல் மட்டும் 64-பிட்டாக இருக்கலாம். 'டிபிகேஜி --பிரின்ட்-ஆர்க்கிடெக்சர்' அடித்துப் பாருங்கள். 'ஏஆர்எம்64' என்றால் மினிஃபோர்ஜின் ஏஆர்ச்64 கோப்பு ஓடும். 'ஏஆர்எம்ஹெச்எஃப்' என்றால் ஓடாது. கார்டில் 64-பிட் ஓஎஸ் எழுதிக்கொள்ளுங்கள். அது முடியாதென்றால் 'பைத்தான்3 -எம் வென்வ் பாடம்' என்று பைத்தானின் சொந்தச் சூழலைப் பயன்படுத்துங்கள். ராஸ்பெரி பை ஓஎஸ்ஸில் பிப் பைவீல்ஸ் களஞ்சியத்தையும் சேர்த்தே பார்ப்பதால், நம்பை போன்றவை கம்பைல் ஆகக் காத்திருக்காமல் தயாராகவே இறங்கும்.